குமிழி விடாத பூமிநாதன்

ஸ்கூபா டைவிங் தொழில் தொடங்கப் போகிறேன் என்று ஆசையாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஓர் ஆளின் கதைதான் இருக்கிறது. பூமிநாதன், வயது முப்பத்தொன்று. நேமத்தான்பட்டியில் தாய்மாமன் பெரியகருப்பன் வீட்டில் ஒரு பக்க அறையில் படுத்திருக்கிறான். வலது கையும் வலது காலும் வராது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக வரும். குடிக்கிற தண்ணீரைக் கூடக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள் என்பதால் என்னை அங்கே வைத்திருக்கிறார்கள்.

படுக்கையில் விழுவதற்கு முன்னால் அவன் ஊரணியில் பேர் வாங்கியவன். அந்தப் பக்கத்துப் பையன்கள் மூச்சடக்கும் போட்டி வைப்பார்கள். முங்கியவன் தலைக்கு மேல் ஒரு குமிழி வந்தாலும் தோற்றான். படியில் நிற்கிறவர்கள் தண்ணீரையே பார்த்திருந்து, வந்ததும் "குமிழி! குமிழி!" என்று கத்துவார்கள். பூமிநாதன் முங்கினால் குமிழி வராது. கரையில் யாராவது அழ ஆரம்பித்த பிறகுதான் சிரித்தபடி எழுவான். வேறு எதிலும் அவனுக்குப் பேர் கிடையாது. படிப்பு ஏறவில்லை, வயலிலும் இறங்க மாட்டான். "தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்குந்தான் இவன் மனுசன்" என்று பெரியகருப்பன் எல்லார் முன்னாலும் சொல்லுவார்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றிப் பின்கட்டில் நீச்சல் குளம் கட்டினார்கள். அங்கே வந்து தங்குகிறவர்களுக்குக் குளத்தில் ஸ்கூபா பழக்கி, பிறகு கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்று பூமிநாதனுக்குத் தோன்றியது. சாக்கோட்டைப் பக்கத்து வாத்தியார் மகன் அந்தோணி பிரபுவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். பிரபு அந்தமானில் முறையாகப் படித்து, அங்கேயே பல வருடம் சொல்லிக்கொடுத்தவன்.

பிரபு முதல் நாளே விளக்கிவிட்டான். ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நாம் இழுக்கிற காற்று தண்ணீரின் அழுத்தத்தில் நெருக்குண்டிருக்கும். மேலே ஏற ஏற அது விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரலைக் கிழித்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும். அதற்குக் கடல் வேண்டாம், நீச்சல் குளமே போதும்.

"அண்ணே, இதுல ஒரே சட்டந்தான். மூச்ச விட்டுக்கிட்டே இருக்கணும்."

"மூச்சடக்கத் தெரியாத பயலுகளுக்குத்தான்டா உன் டப்பா" என்று பூமிநாதன் சிரித்தான்.

ஆனாலும் ஒழுங்காகத்தான் பழகினான், வேடிக்கை பார்க்க ஆள் இல்லாதவரை.

தொடக்க விழாவுக்குப் பெரியகருப்பன் தன் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூமிநாதன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் இறங்கினான். பிரபுவும் கூடவே இறங்கினான். குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்தன. வரத்தான் வேண்டும்.

"என்னப்பா, உலை கொதிக்கிற மாதிரில்ல கொதிக்குது!" என்றார் ஒரு பங்காளி.

பூமிநாதன் ஒருமுறை தலையை வெளியே நீட்டினான். பெரியகருப்பன் கைதட்டினார். "மாப்ளே, குமிழி வருதுடா! தோத்துட்ட! ஊரணிப் பேரெல்லாம் பொய்யாடா?"

எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் மறுபடி அடிக்குப் போனான். இந்தத் தடவை குமிழி நின்றுவிட்டது. மூச்சை விடச் சொல்லிப் பிரபு சைகை காட்டினான். அதைப் பார்க்காதவன் போலத் தரையை உதைத்து விருட்டென்று மேலே வந்தான் பூமிநாதன். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே சரிந்தது.

பிரபு அவனைக் கரையில் இழுத்துப்போட்டு, தயாராக வைத்திருந்த ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினான். "திரும்பவும் அதே காத்தையாடா குடுக்கிற?" என்று பெரியகருப்பன் அதைப் பிடுங்கி எறிந்தார். பங்காளிகள் பிரபுவை அடித்தார்கள். விழுந்தவனை நிமிர்த்தி உட்காரவைத்து முகத்தில் சோடா தெளித்தார்கள். ஆக்ஸிஜன் கொடுத்துப் படுத்தபடியே, காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்தியம் பார்க்கும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கொஞ்சமாவது மீண்டிருப்பான் என்று மதுரையில் மருத்துவர் சொன்னார். மூச்சடக்கியதுதான் காரணம் என்றும் சொன்னார். பெரியகருப்பன் ஊரில் சொன்னது வேறு. பிரபு சிலிண்டரில் கெட்ட காற்றை அடைத்துவிட்டானாம். சோதித்துப் பார்த்தபோது காற்று நன்றாகவே இருந்தது. "காசக் குடுத்து மாத்தீட்டான்" என்றார்.

அதன் பிறகு பிரபுவுக்கு எந்தக் கடற்கரையிலும் வேலை கிடைக்கவில்லை. ஆளைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவன் போகிற இடத்துக்கெல்லாம் முன்னாலேயே போய் நின்றது.

இந்த வருடம் பெரியகருப்பனின் மகள் சத்தியப்பிரியா அதே தொழிலைக் கையில் எடுத்தாள். பூமிநாதனுக்கென்று பேசி வைத்திருந்த பெண். அவன் விழுந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. புதுச்சேரியில் டைவிங் படித்து வந்த கெட்டிக்காரி. சொல்லிக்கொடுக்கப் பிரபுதான் வேண்டும் என்றாள். அப்பா மறுத்தார். அத்தானையே கேட்டுவிடுவோம் என்று பிரபுவை வீட்டுக்கு வரச் சொன்னாள். மூச்சடக்கியது தான்தான் என்று பூமிநாதன் சொல்லிவிட்டால் போதும், பிரபுவின் பழி போகும், பிழைப்பும் திரும்பும்.

பூமிநாதனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளிப்போனேன். பிரபு கைகட்டி நின்றிருந்தான்.

"எப்படிண்ணே இருக்கீக?"

பூமிநாதன் அவனைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. காத்து கெட்டுருந்துச்சா, நீங்க மூச்சப் பிடிச்சீகளா? அன்னையிலருந்து எனக்குச் சோறு எறங்கல."

"எறங்காமத்தான் வயிறு இம்புட்டு இருக்காக்கும்?" என்றார் பெரியகருப்பன். "நீ சொல்லு மாப்ளே. இவன் அடைச்ச காத்துதான?"

பூமிநாதனின் வாய் கோணி எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"காத்து" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கெட்ட காத்து."

"மூச்சடக்கினதாலதான்னு மருத்துவரே சொன்னாரே" என்றேன் நான்.

"நர்சம்மா, உங்கள வச்சது பீத்துணி அள்ள. அத அள்ளுங்க." பெரியகருப்பன் என்னிடம் சொல்லிவிட்டுப் பிரபுவிடம் திரும்பினார். "பதில் கெடச்சுருச்சுல்ல? வாசல் அங்குட்டு இருக்கு."

அறைக்குத் திரும்பி அவனைப் படுக்கையில் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தியப்பிரியா வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தான், எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் ஆளுகள உள்ள எறக்கப் போறேன்."

"பிடிச்சேன்" என்றான். "குமிழி... வரக்கூடாதுன்னு."

"அங்க ஏன் சொல்லல?"

"மாமா... சோறு போடுறாரு."

அழுவாள் என்று நினைத்தேன். மேலே வந்ததும் நெஞ்சு வலித்ததா, முதலில் மரத்தது கையா முகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு வாசலுக்குப் போனாள். பிரபு இன்னும் போகவில்லை. பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீங்க சொன்னதுதான் நெசம், பிரபுண்ணே. ஆனா தொழிலுக்குப் பணமெல்லாம் அப்பா தயவுலதான் வருது. நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

"நெசம்னு நாலு பேருகிட்டச் சொல்லவாச்சும் செய்வீகளா?"

"எதுக்கு? சிலிண்டர்தான் கெட்டுப்போச்சுன்னு இருந்தா, புதுசு வாங்கிட்டோம்னு சொல்லலாம். மூச்சடக்குனா இப்படி ஆகும்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

தொழில் நன்றாக நடக்கிறது. இறங்குகிற ஒவ்வொருவரிடமும் மூச்சை அடக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அடக்கியவன் கதையை மட்டும் சொல்வதில்லை.

நீங்கள் தொடங்குவதானால் ஆக்ஸிஜனைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு பிறகு சிலிண்டர் வாங்குங்கள். சொந்தக்காரர்களைக் கரையில் நிறுத்தாதீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தால், விபத்து நடந்த அன்று அவன் பக்கம் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரபு தொண்டியில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான். போன மாதம் என்னைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணன் அப்புறம் எதுவும் சொன்னாராம்மா?"

"சொன்னான். மூச்சப் பிடிச்சேன்னு என் காதுபடத்தான் சொன்னான்."

"நீங்க வந்து சொல்லுவீகளா?"

"சொல்லுவேன்."

"பெரியகருப்பன் அய்யா நம்புவாரா?"

"மாட்டாரு. நான் சொன்னாலும் பூமிநாதனே மறுபடி இல்லம்பான்."

"சரிம்மா, லாரி வந்துருச்சு" என்று வைத்துவிட்டான்.