மாமன் சீர் நடுவே ஒரு ரெக்கார்டு கடை

1. ஷட்டர்

உத்தமபாளையத்தில் பீர்முகம்மதுவின் கடை முன்னால் நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது ஷட்டர் மூடியிருந்தது. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை வேளை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காசு கட்டி வந்திருந்த ஒன்பது இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த ஷட்டரைப் படம் எடுத்தார்கள். அதன் துரு அவர்களுக்குப் பிடித்திருந்தது. என் முதலாளி விவேக்குக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"அங்கிள், இதுக்குத்தானே உங்கள வேலைக்கு வச்சேன்?"

நான் பணிக்காலம் முழுவதும் மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். தேனியிலிருந்து கூடலூர் வரை என் ஏரியா. டீலரைப் பார்த்து முடித்ததும் அந்தந்த ஊரில் பழைய ரெக்கார்டு விற்கும் கடையைத் தேடிப் போவேன். எந்தக் கடை எந்த வருடம் திறந்தது, எந்த மாதம் செல்போன் கடையாக மாறியது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஓய்வு பெற்ற பிறகு, கோவையில் இசைத்தட்டுக் கடை நடத்தும் விவேக் என்னை வேலைக்கு எடுத்தார். வெளியூர் ஆர்வலர்களை வேனில் அழைத்து வந்து, பள்ளத்தாக்கின் நல்ல கடைகளைக் காட்டுவது அவர் திட்டம். கடைகளைக் கண்டுபிடிப்பது என் வேலை.

இது அவருடைய முதல் பயணம். இதில் சொதப்பினால் இரண்டாவது கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

2. நல்ல கடை எது

ஷட்டர் முன்னால் நிற்பதற்குள் இரண்டு கடைகளைப் பார்த்து முடித்திருந்தோம். இரண்டும் விவேக் இணையத்தில் பிடித்தவை. தேனியில் ஒரு காபிக் கடையில் இசைத்தட்டுகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். போடியில் ஒருவர் அவற்றின் நடுவே முள் பொருத்திக் கடிகாரம் ஆக்கியிருந்தார். "பாட்டு ஓடாட்டா என்ன சார், மணி ஓடுதுல்ல" என்றார்.

வெளியூரில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ரெக்கார்டு கடை எங்கே என்று கேட்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்பவரிடம் போய், அவரிடம் அடிக்கடி வருபவர் யார் என்று கேட்க வேண்டும். பீர் பாயை அப்படித்தான் பிடித்தேன். அவர் மைக்செட்காரர். அலமாரி நிறைய ரெக்கார்டு வைத்திருப்பார். வந்தவருக்குப் போட்டுக் காட்டுவார், மனமிருந்தால் விற்பார்.

இந்தப் பயணத்துக்குத் தேதி குறித்தபோது மழை பார்த்தேன், வைகை அணையில் கூட்டம் பார்த்தேன், அரசு விடுமுறை பார்த்தேன். விவேக் கிரிக்கெட் மேட்ச் பார்த்தார். முகூர்த்தம் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பேரன் எடுத்தவனுக்கும் கல்யாணமே வேண்டாம் என்பவருக்கும் முகூர்த்த நாள் எப்படி நினைவுக்கு வரும்?

பாய்க்குப் போன் போட்டேன். பின்னால் குழாய் ஸ்பீக்கர் அலறியது.

"கடையா? கடை பூராம் இங்கனதேன் கெடக்கு. கோம்பை ரோட்டு மண்டபத்துக்கு வாங்கண்ணே. காதுகுத்து. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

3. முள்

மண்டப வாசலில் எங்கள் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்தார்கள். யார் வீட்டு ஆட்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாசலை ஒட்டிய ஷெட்டில் பாய் பிளேயரை வைத்திருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டிகள் நிறைய ரெக்கார்டுகள். வந்தவர்கள் ஒன்பது பேரும் பெட்டிகளின் முன்னால் மண்டியிட்டார்கள். அஸ்வின் என்ற பெங்களூர்க்காரர் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஆபரேசனா தம்பி?" என்றார் பாய்.

அன்றைய விசேஷம் சாதாரணமானதல்ல. குழந்தையின் அம்மா செல்விக்கு ஒரே அண்ணன், கூடலூர் வாழை வியாபாரி ராசாமணி. மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு வருடமாக அவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பதால், ஊர் கூடிப் பேசி இன்றைக்கு வரச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். மாமன் சீர் தெருமுனையில் கிளம்பியதும் பாட்டுத் தொடங்க வேண்டும், அவர் மண்டபத்துக்குள் கால் வைக்கும்வரை நிற்கக் கூடாது. நின்றால் வர வேண்டாம் என்று அர்த்தம். இதை எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பாய் பாட்டைப் போட்டார்.

கொட்டுச் சத்தம் நெருங்கியது. தாம்பாளம் ஏந்திய பெண்கள் முதலில் மண்டபத்துக்குள் போனார்கள். அந்த நேரம் பார்த்து மேற்குப் பக்கத்துக் குழாய் ஊமையானது.

"அண்ணே, செத்த பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு பாய் ஏணியில் ஏறினார். விவேக் என் தோளைத் தொட்டு, அடுத்த கடையாவது திறந்திருக்குமா என்று கேட்டார். பதில் சொல்லத் திரும்பினேன். பாட்டு கிறீச்சென்று நின்றது.

அஸ்வின் முள்ளைத் தூக்கியிருந்தார். தட்டின் நடுவே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால் அது முதல் அச்சா என்று தெரிந்துவிடுமாம்.

"ஒரே செகண்ட் அங்கிள். லைட் கொஞ்சம் காட்டுங்க."

4. மாமன் நின்ற இடம்

ராசாமணி வாசல் கோலத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கொட்டும் நின்றது.

"பாட்ட நிப்பாட்டிட்டாகளா? சரி. வண்டியத் திருப்பச் சொல்லு" என்றார் கூட வந்தவரிடம். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, நாங்க நிப்பாட்டலண்ணே."

"பொறகு யாரு? தானா நின்னுச்சா?"

பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மின்சாரம், மழை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் நேராக அஸ்வினைக் காட்டினார்.

"வீட்டுக்காரக மேல தப்பு இல்ல. இந்தா, இவருதேன் நிப்பாட்டுனாரு. பெங்களூர்லருந்து நம்பர் பாக்க வந்திருக்காரு."

"என்ன நம்பரு?"

"பிளேட்டு நம்பரு."

ராசாமணி கையுறையைப் பார்த்தார். "பாட்டு கேக்க வரலயா?"

"அது வீட்டுல போயிக் கேப்பாகளாம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராசாமணி சிரிக்கவில்லை என்றாலும் வண்டியைத் திருப்பச் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. செல்வி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெருமுக்குலருந்து திரும்ப வாண்ணே. பாட்டு மொதல்லருந்து ஓடட்டும்."

"தாம்பாளம் தூக்குன பொம்பளைக பந்தியில ஒக்காந்தாச்சு. நான் வெறுங்கையோடயா வர?"

"இந்தா பத்துப் பேரு சும்மாதான நிக்கிறாக" என்றார் பாய்.

5. இரண்டாவது சீர்

உள்ளே போன தாம்பாளங்கள் திரும்ப வெளியே வந்தன. விவேக்குக்கு வாழைப்பழத் தாம்பாளம். மற்றவர்களுக்குத் தேங்காய், வெல்லம், பட்டுப்பாவாடை. சீரில் ஒரு கிடாயும் இருந்தது. அதன் கயிற்றை ராசாமணியே அஸ்வின் கையில் கொடுத்தார்.

"ஒறைய கழட்டிருங்க தம்பி. வழுக்கும்."

பாய் பாட்டை முதலிலிருந்து போட்டார். முள்ளைத் தூக்கிய இடத்தில் தட்டு கீறியிருந்தது. அங்கே வந்ததும் ஒரே அடி திரும்பத் திரும்ப ஓடியது. பாய் ஒற்றை விரலால் முள்ளை நகர்த்தி விட்டுக்கொண்டே நின்றார். கிடாயோ இரண்டு முறை நடுத்தெருவில் உட்கார்ந்தது. அஸ்வின் அதனிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினார். பாட்டு நிற்கவில்லை. ராசாமணி வலது காலை மண்டபத்துக்குள் வைத்தார். மச்சான் வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்துவதற்கு முன்பே அழத் தொடங்கியது.

6. முதல் அச்சு

சாப்பாடு முடிந்து கை கழுவியதும் அஸ்வின் பாயிடம் போனார். அந்தத் தட்டு முதல் அச்சேதானாம். என்ன விலையானாலும் தரத் தயார் என்றார்.

"எடுத்துக்கங்க. சீருக்கு இனி இது ஆகாது. ஒங்களுக்கு ஆகும்" என்றார் பாய்.

அஸ்வின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். தட்டை மூன்று உறைகளுக்குள் போட்டு, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டார். வீரபாண்டி தாண்டும்வரை அதில் என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. எண் என்ன என்று நான்கு பேர் கேட்டார்கள்.

விவேக் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறுவாரமே இரண்டாவது பயணத்துக்கு விளம்பரம் போட்டார். அதில் சீர் தூக்கும் அனுபவத்துக்குத் தனிக் கட்டணம். "அங்கிள், அடுத்த பேட்ச்சுக்கும் ஆடு கிடைக்குமா?" என்று கேட்டார். தாய்மாமனும் வேண்டும், அவருக்கு ஏற்கெனவே கோபமும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் ரெக்கார்டு தேடி வரும் இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். முகூர்த்த நாளிலும் விரியத் திறந்து கிடக்கும் கடையில் உங்களுக்குக் கடிகாரம்தான் கிடைக்கும். மூடியிருந்தால் நல்ல கடை. போன் போட்டு, கடை எப்போது திறக்கும் என்று கேட்காதீர்கள். இன்றைக்கு யார் வீட்டு விசேஷம் என்று கேளுங்கள். போய், சந்தனம் பூசிக்கொண்டு, கையைக் கட்டி நின்று, பாட்டு முடியும்வரை கேளுங்கள்.