பரீட்சையில் பாக்கியம் கேட்ட கேள்வி

பக்கத்து வீட்டு லோகா நேற்றுச் சாயங்காலம் ஒரு கத்தைத் தாளோடு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பள்ளியில் பொது அறிவுப் போட்டியாம். "நீங்க கேள்வியக் கேளுங்க பாட்டி, நான் பதில் சொல்றேன்லா. தப்பாச் சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள். சிரிக்கிற யோக்கியதை எனக்கு ஏது? நிலவில் முதலில் கால் வைத்தவர் யார், தீபகற்ப மலேசியாவில் மிக நீளமான ஆறு எது என்று போய்க்கொண்டிருந்தது. பாதிக் கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியாது. விடைகளும் கீழேயே அச்சாகியிருந்ததால் என் மானம் தப்பியது.

மூக்குக்கண்ணாடி எடுக்க அலமாரியைத் திறந்ததுதான் வினை. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் மருமகள் அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள். அந்த வாசனை மூஞ்சியில் அடித்ததும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்துருண்டை என்றால் மற்றவர்களுக்குப் புடவை நினைவுக்கு வரும். எனக்கு ஒரு கறுப்புக் கோட்டுதான் வரும். ஈப்போ வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்டு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த இன்ஸ்பெக்டர் ஐயாவின் கோட்டு. அவர் குனிந்து என் சிலேட்டைப் பார்த்தபோது வந்த வாசனை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பதோ பத்தோ இருக்கும். வயதைக் கணக்காக எழுதி வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தாள்களைப் புகை போடுகிற ஸ்டோரை ஒட்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, அவ்வளவுதான். காற்று திரும்பினால் புகைக்கூண்டுப் புகை முழுவதும் எங்களுக்குத்தான். வாய்ப்பாடு சொல்லும்போது பாதியில் இருமுவோம். அந்த இருமலும் வாய்ப்பாட்டில் சேர்த்தி என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு, இருமல் வராவிட்டாலும் அந்த இடத்தில் இருமும்.

ஞானமுத்து வாத்தியார் ஒருவர்தான் எல்லா வகுப்புக்கும். ஒல்லியாக, இளவயசாக, எதற்கும் பதறுகிறவராக இருப்பார். அந்த வருஷம் அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைக்கப் போகிறார், பிள்ளைகள் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு எல்லாரையும் புல் பிடுங்க அனுப்பிவிடலாம் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டாராம். இது வாத்தியார் வாயிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வந்து, எங்கள் முதுகில் அடியாக விழுந்தது. "படிச்சுத் தொலைங்கடி. இல்லாட்டி காலம்பூரா அட்டைக்கடிதான்" என்று அம்மா தலைவாரும்போதெல்லாம் ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பாள்.

எனக்கு வாரி முடித்ததும் பாக்கியத்துக்கு வாருவாள். பாக்கியம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீடு. என் வயசுதான், என்னைவிட அரைச்சாண் குள்ளம். அவளுக்கு வாரும்போது மட்டும் அம்மாவின் கை பஞ்சாகிவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பாக்கியத்தின் அம்மா அப்போது உயிரோடு இல்லை. அதற்கு முந்தின மழைக்காலத்தில் தோட்டம் முழுக்கக் காய்ச்சல் வந்தது. பாக்கியத்தையும் அவள் அம்மாவையும் ஒரே மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள், அம்மா போய்விட்டாள். பாக்கியம் நினைவில்லாமல் கிடந்தபோதே ஆற்றோரத்து இடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் எலும்பும் தோலுமாய் வீட்டுக்கு வந்து "அம்மா எங்கப்பா?" என்று கேட்டதும், அவள் அப்பா மாரிமுத்துவுக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. "தாத்தாவுக்கு ஒடம்பு முடியலன்னு தந்தி வந்துச்சு. அம்மா கப்பலேறி ஊருக்குப் போயிருக்குடா" என்றார்.

சொன்னது அவர்தான். ஆனால் அதைத் தூக்கிச் சுமந்தது லயம் முழுதும். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆளாளுக்கு அந்தப் பொய்யை ஒரு கை தாங்கிக்கொண்டார்கள். என் அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், "வாயத் தொறந்தே, நாக்க அறுத்துப்புடுவேன்" என்றாள். நான் திறக்கவில்லை. சின்ன வயதில் நான் ஒழுங்காகக் கட்டுப்பட்ட ஒரே உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

பாக்கியம் அழவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஊருக்குப் போய் வருகிற கங்காணியைக் கேட்டாள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியவர்களை, அவர்கள் மூட்டையைப் பிரிக்கும் முன்பே கேட்டாள். எந்த ரயில், எங்கே இறங்கணும், கப்பலில் எங்கே படுப்பாங்க, சோறு யார் தருவா, கரை எப்போ தெரியும். ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது என்னையும் கேட்டாள்.

"அம்மா கெளம்பினப்ப நீ பாத்தியாடி?"

"நான் தூங்கிட்டேன்" என்றேன்.

"ஒங்கம்மா காலைல போனாங்கன்னு சொன்னாங்க. கங்காணி சாயங்காலம்னாரு."

குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். அம்மா திரும்பி வரும் நாளைக் கணக்குப் போடுகிறாள், பாவம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

பரீட்சை நாள் வந்தது. தலைக்கு எண்ணெய் வழிய வழிய, துவைத்த உடுப்பில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசிப்பு, கணக்கு எல்லாம் ஒருவாறு முடிந்தது. பிறகு பொது அறிவு. வாத்தியார் எங்களைத் தயார் செய்த புத்தகம் கடல் கடந்து வந்த புத்தகம். பனைமரம், காவிரி, மார்கழிப் பனி என்று எங்களில் யாரும் கண்ணால் கண்டிராத சங்கதிகள். அதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தோம். இன்ஸ்பெக்டரோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அன்றாடம் பார்ப்பதைக் கேட்கிறேன், பயப்படாமல் சொல்லுங்கள்" என்றார். வாத்தியாரின் முகம் வெளுத்துவிட்டது.

"பசு நமக்கு என்ன தருகிறது?" என்று முன்வரிசைக் குப்பனைக் கேட்டார்.

"பால் தருதுங்க."

"நன்று. மரம் என்ன தருகிறது?"

"அதுவும் பால்தாங்க தருது."

இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார். கொட்டகைக்கு வெளியே நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்தது நான். "சூரியன் எங்கே உதிக்கிறது?" என்றார். கிழக்கு என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஆனால் அந்தக் கோட்டும் அந்துருண்டையும் சேர்ந்து என் மூளையை என்ன செய்ததோ, "ஸ்டோருக்குப் பின்னாலீங்க" என்றேன். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. இன்றைக்கும் எனக்குக் கிழக்கு என்றால் கண்முன் வருவது அந்த ஸ்டோரின் தகரக் கூரைதான்.

அதற்கடுத்து பாக்கியம் எழுந்தாள். வீடு, குடும்பம் பற்றிக் கேட்டார்.

"வீட்டில் சமைப்பது யார்?"

'அம்மா சமைப்பாள்' என்று புத்தகத்தில் இருந்தது. பாக்கியம், "நாந்தாங்க" என்றாள்.

"அப்படியா! அம்மா?"

"ஊருக்குப் போயிருக்காங்களாம்."

வாத்தியார் இரண்டு அடி முன்னால் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கவனிக்கவில்லை. அவருக்கு இது நல்ல பூகோளக் கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். "ஊருக்கு எப்படிப் போவார்கள்? வழி சொல், பார்ப்போம்" என்றார்.

பாக்கியம் சொன்னாள். ஈப்போ ஸ்டேஷனில் ரயில் ஏறுவது, பிறை ஸ்டேஷனில் இறங்கிப் படகில் பினாங்குக்குப் போவது, துறைமுகத்தில் பேர் கொடுத்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருப்பது, மேல்தட்டில் பாய் விரித்துப் படுப்பது, நடுக்கடலில் இரண்டு நாள் எல்லாரும் வாந்தி எடுப்பது, நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்திலேயே நிற்பது, தோணி வந்து ஆட்களை இறக்குவது. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அந்த வழியில் பலமுறை போய் வந்த இன்ஸ்பெக்டரே நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பிரமாதம்!" என்றார். "நான் கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டாய். இப்போது நீ என்னை ஒரு கேள்வி கேள்."

பாக்கியம் பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"செத்துப்போனவங்களக் கப்பல்ல ஏத்துவாங்களா ஐயா?"

புகைக்கு இருமுகிற பிள்ளைகள்கூட இருமவில்லை. இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு பார்வையில் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் பொய் சொல்லியிருக்கலாம், பேச்சை மாற்றியிருக்கலாம். அவர் செய்தது வேறு. நாற்காலியை விட்டு எழுந்து, அவள் முன்னால் மண்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"ஏற்ற மாட்டார்கள் அம்மா" என்றார். "எங்கே கண்ணை மூடினார்களோ அங்கேயே மரியாதையாக அடக்கம் செய்வார்கள்."

"அப்ப எங்கம்மா இங்கதான் இருக்கு" என்றாள் பாக்கியம். சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் என் காலை நகர்த்தவில்லை.

பரீட்சை அதோடு முடிந்தது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, மாரிமுத்து பால்வாளியைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். கைகளில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. மகளைப் பார்த்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பாக்கியம் அவரிடம் போய் நின்றாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"கல்யாணச் சீலை பொட்டியிலயே இருக்குப்பா. அத விட்டுட்டு அம்மா ஊருக்குப் போகுமா?" என்றாள். "நீங்க அழுவீங்கன்னுதான் கேக்கல."

அன்றைக்கே அவளை இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். என் அம்மாவும் நானும் கூடப் போனோம். இன்ஸ்பெக்டரும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி வந்தார். கூப்பிடாமல்தான் வந்தார். ஆற்றோரத்து மேட்டில், பழைய மரங்களுக்கு அப்பால், தலைமாட்டில் ஒரு செம்பருத்தி நட்டிருந்த மண்மேடு. பாக்கியம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் பிடுங்கி முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்து, "வாங்கப்பா, ஒல வைக்கணும்" என்றாள்.

பிள்ளைகள் நன்றாகவே தயாராகியிருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். கொட்டகை பிழைத்தது. என் சூரியனையும் அவர் சரியென்றே வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

பாக்கியத்தை ஆயர் தாவார் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். வருஷத்தில் ஒரு நாள் அவள் பேருந்தேறி வருவாள். இருவரும் தோட்டத்துக்குப் போவோம். அவள் புல் பிடுங்குவாள், நான் பேசிக்கொண்டிருப்பேன். அவள் எதிரே எனக்கு எப்போதும் வாய் அதிகம். ஜப்பான்காரன் காலத்தில் மட்டும் போகவில்லை. பிறகு மாரிமுத்து போனார், அம்மா போனாள், வாத்தியார் எந்த ஊரிலோ போனார். கடைசியில் பாக்கியமும் ஒரு நாள் படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் மகனிடம் கெஞ்சி அந்தப் பக்கம் காரில் போனேன். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஸ்டோர் இல்லை, லயம் இல்லை. ஆறு இருந்தது, சிமெண்டுக் கால்வாயாக. மேடு இருந்த இடத்தில் வரிசையாகப் புது வீடுகள். ஒரு வீட்டு வாசலில் சீனப் பெண் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "சாரி சியாப்பா, மாக்சே?" என்று மலாயில் அன்பாகக் கேட்டாள். யாரைத் தேடுறீங்க, அம்மா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பாக்கியத்தின் அம்மா பேர் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது, எனக்குத் தெரிந்ததே இல்லை. லயத்தில் எல்லாரும் அவளைப் பாக்கியத்தம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மாரிமுத்து 'இந்தா புள்ள' என்பார். அவள் பேர் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அத்தனை வருஷம் அந்த மேட்டில் பாக்கியத்தோடு நின்றும், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.