முதல் வரியில் பிள்ளையார்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி தாண்டியதும் மகேசனின் முகம் திரையில் அப்படியே நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் அரைவாசி மூடியபடி, சுட்டுவிரல் மேலே. தமிழருக்கு இணையத்தைப் பற்றிப் புத்தி சொல்லும் அவருடைய வாராந்த நேரலை அது. ஏழு நிமிடம் அந்த விரல் இறங்கவில்லை. நியூசிலாந்தின் புக்கெகோஹியில் தன் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலினா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்குளிரப் பார்த்தாள்.

"என்ன, இந்த மனிசன் திரும்பவும் நிண்டுட்டுது?" என்றான் அவளுடைய கணவன் அன்றூ.

"ரவுட்டர் பழசாக்கும்."

அன்றூ தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினான். அந்தச் சொல் அந்த வீட்டில் யாருடைய தலையில் விழுவது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடமாக விழுந்துகொண்டிருக்கிறது.

அது ஒன்பதாவது சனிக்கிழமை. ஒன்பது சனியும் மகேசனை நிறுத்தி வைத்தது அஞ்சலினாதான்.

அஞ்சலினாவுக்கு நாற்பத்தாறு வயது, மன்னார்ப் பெண். அகதியாக வந்திறங்கி, ஒன்பது வருடம் புக்கெகோஹியில் கரட் கழுவிப் பொதி செய்யும் கொட்டகையில் நின்றவள். இன்று வெள்ளை வான் வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு தோட்டத்து வீடுகளுக்குப் போய், கூரையில் ஏறி இணைய டிஷ் பூட்டுகிறாள். இடுப்பில் பட்டி, பல்லுக்கிடையில் ஆணி. ஒரு விரற்கடை இப்படி, ஒரு விரற்கடை அப்படி என்று டிஷ்ஷைத் திருப்பி, பக்கத்துப் பொம்பே மலையிலிருக்கும் இணையக் கோபுரத்துக்கு நேராக நிறுத்துவாள். கேபிளைச் சுவருக்குள் விடுமுன் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிடுவாள், மழைத் தண்ணீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. அவள் பூட்டிய டிஷ் தென்மேல் காற்றுக்கு அசைந்ததாக இதுவரை ஒருவரும் போன் எடுத்ததில்லை. இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை, கோபப்பட்டு வந்தாள்.

அந்தக் கோபத்துக்குத் திகதி உண்டு. 2021 செப்டெம்பர் நாலு, சனிக்கிழமை. ஆக்லாந்து முழுக்க லொக்டவுன், விமானம் கிடையாது. மன்னாரில் அவளுடைய அப்பா சவிரிமுத்து முந்தின நாள் இறந்துபோய்ப் பெட்டியில் கிடந்தார். அங்கேயும் ஊரடங்கு. வீட்டில் பத்துப் பேர் மட்டும் நிற்கலாம் என்றார்கள். பெட்டி மூடுமுன் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் கடைசி முத்தம் கொடுப்பது வழக்கம். தம்பி பெற்றிக் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்து, "அக்கா, நீ இதில குடு. நான் போனை அப்பாட நெத்தியில வைக்கிறன்" என்றான். இங்கே மாலை ஐந்து மணி. அஞ்சலினா முழந்தாளில் நின்று திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

படம் நின்றது. பெற்றிக்கின் பெருவிரலும் அப்பாவின் இடது காதும் மட்டும். அவள் கத்தினாள், போனைத் தட்டினாள், அன்றூ ஓடிப்போய் ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டான். ஒன்பது நிமிடம். படம் திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள், ஒருவர் ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்து இணையம் அப்போது மகேசனுடையது. யாழ்ப்பாணத்தார், படித்த மனிதர், மலைக் கோபுரமும் அதைச் சுற்றிய அறுபத்து மூன்று வீடுகளின் தொடர்பும் அவருடைய சொந்த முயற்சி. வயதுக்காகவும் அந்த முயற்சிக்காகவும்தான் இந்தக் கதையில் அவருக்கு 'அவர்' போடுகிறேன், வேறு காரணம் இல்லை. அன்று மாலையே அஞ்சலினா அழுதழுது அவருக்குப் போன் எடுத்தாள்.

"என்ர பக்கம் எல்லாம் பச்சை லைட் தான் பிள்ளை" என்றார் மகேசன். "உங்கட ரவுட்டர் பழசு. ஆர் வாங்கினது?"

வாங்கியது அன்றூ. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றங்களில் பழைய சாமான் விற்பார்களே, அங்கே வாங்கியது. பொதி செய்யும் கொட்டகையில் போர்க்லிப்ட் ஓட்டுபவனுக்கு அதுதான் ஒரே பொழுதுபோக்கு. பழைய விளக்கை, பழைய வானொலியைக் கொண்டுவந்து கழற்றித் துடைத்து ஓடவைப்பான். அஞ்சலினா அன்று அவனைப் பார்த்து, "என்ர அப்பாட முகத்தை உங்கட குப்பைச் சாமான் திண்டுட்டுது" என்றாள். அதற்குப் பிறகு அவன் எந்த முற்றத்துக்கும் போகவில்லை. தேநீர்க் கேத்தில் பழுதானால் அவள், "பழசோ?" என்பாள். கார் முக்கினால், "பழசு வாங்கிற ஆக்கள்" என்பாள். வருடாவருடம் அப்பாவின் ஆண்டுத் திருப்பலியில் அவன் அவளருகே இருப்பதில்லை, கதவடி வாங்குப் பலகையில் போய் இருந்துகொள்வான். யாரும் போகச் சொல்லவில்லை, வா என்றும் அவள் சொல்லவில்லை.

ஒன்பது நிமிடம் ஏன் நின்றது என்று தானே அறிந்தால்தான் ஆறும் என்று அவளுக்குத் தோன்றியது. கொட்டகை வேலையை விட்டுவிட்டுப் படித்தாள். ஒரு சிறு இணையக் கொம்பனி வேலை கொடுத்தது. பிறகு மகேசன் தன் கோபுரத்தை அதே கொம்பனிக்கு விற்றுவிட்டு, ஓய்வாக நேரலையில் புத்தி சொல்ல உட்கார்ந்தார். ஆக, தன் அப்பாவின் படம் நின்ற கோபுரத்தையே அஞ்சலினா பராமரிக்க வேண்டி வந்தது.

கோபுரத்துக் கருவிக்குள் ஒரு பட்டியல் உண்டு. ஒரே நேரத்தில் எல்லா வீடும் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது, யாரைக் காக்கவைப்பது என்பதை அதுதான் சொல்லும். கருவி மேலிருந்து கீழே வாசிக்கும். முதல் வரிக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் அடுத்த வரிக்கு. அந்தப் பட்டியலின் முதல் வரிக்கு மகேசன் வைத்திருந்த பெயர் 'பிள்ளையார்'.

நம்மவர்கள் கடிதம் எழுதினாலும் கணக்கு எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தானே தொடங்குவார்கள். மகேசனும் அப்படி ஒரு வரி போட்டிருக்கிறார் என்றே அவள் நினைத்தாள். கொம்பனியின் வெள்ளைக்காரப் பையன்களுக்கு அது என்னவென்றே தெரியாது, தெரியாததில் கைவைக்கப் பயம். கூட வேலை செய்யும் மதுரைக்காரர் பாஸ்கரனோ, "அது சாமி பேருக்கா, இருந்துட்டுப் போகட்டும். தொடாதீங்க" என்றார். அஞ்சலினா வேதக்காரி, இருந்தாலும் பிறத்தியார் சாமியைக் கிண்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று இரண்டு வருடம் அந்த வரியைத் திறக்காமலே தாண்டிப்போனாள்.

இந்த ஜூலை முதல் கிழமை கோபுரத்துக்குப் புதுக் கருவி வந்தது. பட்டியலை வரி வரியாக மாற்றி எழுத வேண்டும். அப்போதுதான் திறந்தாள். உள்ளே கணபதி இல்லை, மகேசனின் வீடு இருந்தது. கோபுரத்தின் பலத்தில் முக்கால்வாசி அவர் வீட்டுக்கு, மிச்சம் மற்ற அறுபத்திரண்டுக்கும். ஒழுங்கான மனிதர் அல்லவா, வரியின் பக்கத்தில் எழுதிய நேரத்தையும் குறித்திருந்தார். 04-09-21, 4.40.

அவள் அந்தத் திகதியை இன்னொருமுறை வாசித்தாள். அந்த மாலை மகேசனின் மகன் சஞ்சீவனின் மிருதங்க அரங்கேற்றத்தை வீட்டிலிருந்தபடி உலகத்துக்கே ஒளிபரப்பினார்கள். லண்டனிலும் கனடாவிலும் ஒரு சொட்டுத் தடங்கலில்லாமல் பார்த்ததாக ஊரெல்லாம் கதை. மகேசன் அதை அறிந்து செய்தார். அறிந்துகொண்டே அவளிடம் ஆர் வாங்கினது என்று கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாலு வருடத்துக்கும் சேர்த்து. முதலில் அந்த மனிதனை ஒரு கை பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்று தனக்குள் தீர்த்துக்கொண்டாள்.

பிள்ளையாரை அழித்தது நியாயம். அதற்குப் பிறகு அவள் செய்தது நியாயமில்லை, கொம்பனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், அதுவும் அவளுக்குத் தெரியும். பட்டியலின் கடைசியில் ஒரு வரி எழுதினாள். சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை மகேசன் வீட்டுக்கு எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியது மட்டும். அந்த வரிக்கு 'சவிரிமுத்து' என்று பெயர் வைத்தாள்.

சனிக்கு சனி மகேசன் உறைந்தார். பார்வையாளர்கள் கீழே எழுதினார்கள்: "அண்ணை, உங்கட ரவுட்டர் பழசோ?" அவர் புதிது வாங்கினார். அதுவும் நின்றது. இன்னொன்று வாங்கினார். அஞ்சலினா ஒவ்வொரு சனியும் சுடச்சுடத் தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு சுகம் அவளுக்கு நாலு வருடத்தில் வாய்த்ததில்லை. செப்டெம்பர் மூன்றாம் திகதி அப்பாவின் ஆண்டுத் திருப்பலி வந்தது. அன்றூ வழமைபோலக் கதவடிக்குப் போனான். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான், மகேசனின் வாயாலேயே கேட்கட்டும் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது சனி முடிந்து திங்கட்கிழமை மகேசன் கொம்பனிக்கு முறைப்பாடு செய்தார். அனுப்பியது அஞ்சலினாவை.

"வாரும் தங்கச்சி, நல்லகாலம் எங்கட ஆளா வந்தது" என்று ஏணியைப் பிடித்தார். அவள் கூரையில் ஏறி, ஒரு பழுதுமில்லாத டிஷ்ஷை ஆற அமரத் துடைத்தாள். கீழே அவருடைய மனைவி ரதிதேவியின் குரல் கேட்டது.

"மூண்டு ரவுட்டர் வாங்கியாச்சு. இந்த மனிசன் ஒரு சாமான் உருப்படியா வாங்கினதில்லைப் பிள்ளை. சபையில எங்கட மானம் போகுது."

மகேசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை அஞ்சலினா வேறெங்கோ தினமும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அவள் விடவில்லை. இறங்கி வந்து கையுறையைக் கழற்றினாள்.

"உங்கட ரவுட்டரில பிழை இல்லை அண்ணை. நான்தான் உங்கட பிள்ளையாரை எடுத்துப்போட்டன்."

மகேசனின் முகம் வெளுத்தது. அவள் திகதியைச் சொன்னாள், நேரத்தைச் சொன்னாள், அப்பாவின் காதைச் சொன்னாள்.

"ஒரு நாள் தானே பிள்ளை... பெடியன்ர அரங்கேற்றம்... பிறகு எடுக்க மறந்துபோனன்."

"ஏன் ரவுட்டர் பழசெண்டு சொன்னனீங்கள்?"

ரதிதேவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ளை தேப்பன்ர முகம் பாக்காமப் போனது உங்களாலயோ?" என்றாள்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றாள் அஞ்சலினா. "வாற சனி எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும். அன்றூ வாங்கின ரவுட்டரில பிழை இல்லை எண்டு, பேர் சொல்லிச் சொல்லவேணும். அண்டைக்கு உங்கட லைன் நிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

செப்டெம்பர் இருபத்தேழு. ஸ்னாப்பர் மீன்குழம்பு வைத்து, அன்றூவைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்தாள். "கொஞ்சம் இருந்து பாருங்கோ" என்றாள். அவளுக்குக் கல்யாணவீட்டுப் பரபரப்பு.

மகேசன் வந்தார். கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்தார், நெற்றி வியர்வைகூட. நாலு வருடத்துக்கு முன் தன் வீட்டை முதலில் வைத்ததையும், ஒரு மகள் தகப்பனைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்ததையும் சொன்னார். "அன்றூ தம்பி வாங்கின ரவுட்டரில ஒரு பிழையும் இருக்கேல்லை. நான் பொய் சொன்னனான்" என்றார். அஞ்சலினாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வென்றுவிட்டாள்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் அழுவான், அல்லது சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அன்றூ திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீர் இதை எப்ப அறிஞ்சனீர்?"

"ஜூலையில" என்றாள்.

அவன் விரல்விட்டு மாதங்களை எண்ணினான்.

"மூண்டாம் திகதி பூசைக்கு நான் கதவடியில இருந்தனான்" என்றான். "நீர் ஒருக்காத் திரும்பிப் பாத்தனீர்."

அவன் எழுந்து முற்றத்துக்குப் போனான். தொலைக்காட்சியில் மகேசன் ஓரிடத்திலும் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தார். அன்று காலை அவள்தான் அவரைப் பட்டியலின் முதல் வரியில் எழுதியிருந்தாள்.