ஒரு மணிச் சங்கும் புதுக் கம்ப்யூட்டரும்

லினக்ஸ் தெரியுமா என்று அக்கா கேட்டபோது தெரியும் என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. விஜயவாடாவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தபோது, யாரோ விட்டுவிட்டுப் போன இரண்டு பழைய லேப்டாப்புகளில் அதை ஏற்றியிருக்கிறேன். அதற்குப் பயன்பட்ட பென் டிரைவ் என் சாவிக் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டு ஊர் ஊராக என்னோடு வந்தது.

அக்கா என்றால் எங்கள் முதலாளி. அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். நாச்சாரத்தில் அவருடைய ஷெட்டில் ஃபோம் வெட்டுகிறோம். கண்ணாடிச் சாமான்கள் பெட்டிக்குள் ஆடாமல் உட்கார, அதனதன் வடிவத்துக்குக் குழி வெட்டிக் கொடுப்பது தொழில். நான் அங்கே லோடிங். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, கோயம்புத்தூரில் லேத், பெங்களூரில் கேண்டீன் என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தவன். ஃபோம் கனமில்லை என்பார்கள். நூறு ஷீட்டைச் சேர்த்துக் கட்டி லாரி மேல் ஏற்றிப் பார்த்தால் தெரியும். அந்த வருடம் காலையில் எழுந்ததும் நேராக நிற்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெட்டும் இயந்திரத்தை ஓட்டிய கம்ப்யூட்டர் ஒரு நாள் புகைந்து செத்தது. இயந்திரத்தின் மென்பொருள் லினக்ஸில் மட்டும்தான் ஓடும். அதை ஓட்டிய ஆபரேட்டர் துபாய் போய்விட்டிருந்தார். புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளே ஒன்றுமே ஏற்றப்படாத வெறும் பெட்டி.

"உனக்கு வருமா வராதா? நேரா சொல்லு."

"வரும்க்கா."

"ஹவ்னா, சரி, உட்காரு. அஞ்சு மணி வரைக்கும் டைம். ஓடிச்சுன்னா அந்த சேர் உனக்கு. ஓடலைன்னா நாளைக்கு சைனிக்புரி சர்வீஸ்காரர் வர்றாரு, ஆபரேட்டரையும் அவரே கூட்டியாருவாரு. நீ லோடிங்கோட இருந்துக்க."

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் அரை மணியில் ஏறிவிட்டது. திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது. வைஃபை மட்டும் இல்லை. சிக்னல் இல்லாத பிரச்சினை இல்லை அது. வைஃபை என்ற ஒன்று தன்னிடம் இருப்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. இணையம் இல்லாமல் வெட்டும் மென்பொருளை இறக்க முடியாது.

பேக்கிங்கில் இருந்த மல்லாபூர் அண்ணன் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் தெலுங்கில் விசாரித்தார். "ஏமி தம்முடு, டப்பா லேசிந்தா?" பெட்டி எழுந்ததா என்று.

"எழுந்திருச்சுண்ணா. இன்னும் கண்ணு தெரியல."

காரணத்தை என் போனில் தேடிப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் வந்துவிடும். லினக்ஸின் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சில்லு எதற்கு என்று அடையாளம் காண்பது அதன் வேலை. என் பென் டிரைவில் இருந்தது பழைய கெர்னல். பெட்டியோ புத்தம் புதிது. தனக்குப் பிறகு வந்த சில்லை அது எப்படி அறியும்? புதுக் கெர்னல் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும்.

இங்கே செல்போன் கடை கைகொடுத்தது. போனைச் சார்ஜர் கேபிளால் பெட்டியில் சொருகி, போனின் இணையத்தைக் கேபிள் வழியாகவே கொடுத்தேன். போனில் மிச்சமிருந்த டேட்டா கெர்னலுக்குத்தான் வரும், வெட்டும் மென்பொருளுக்குப் போதாது. புதுக் கெர்னல் இறங்கி, ஏற ஆரம்பித்தது. திரையில் வரிகள் ஓடின. அப்போது மணி ஒன்று. பக்கத்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதியது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுச் சங்கு ஊதினால் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். ஒரு முறை கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பிளேடு தானே சுற்றி ஒருவருக்கு இரண்டு விரல் போனது, அன்றிலிருந்து அப்படி. லோடிங் ஆள் வாசலை ஒட்டி நிற்பவன் என்பதால் இறக்குவது என் வேலை. சங்கு ஊதியது, எழுந்தேன், நடந்தேன், இறக்கினேன். ஷெட் இருண்டது. டிபனை எடுக்கக் கை நீட்டியபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

உடனே திரும்ப ஏற்றினேன். பெட்டி கறுப்புத் திரையில் ஏதோ எழுதிவிட்டு நின்றது. மறுபடி அணைத்துப் போட்டேன். அதே இடத்தில் நின்றது.

அக்கா வந்து பார்த்தார். "கைக்கு அணைச்ச?" ஹைதராபாத் பேச்சில் கைக்கு என்றால் ஏன்.

"கை பழக்கம்க்கா."

"வேலை நடக்கும்போதேவா?"

"சங்கு ஊதிருச்சுக்கா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நக்கோ பா, கதையெல்லாம் வேணாம். எனக்கு அஞ்சு மணி தெரியும், அவ்ளோதான்" என்று போய்விட்டார்.

சாப்பிடவில்லை. திரையின் கடைசி வரியைப் போனில் எழுத்து எழுத்தாக அடித்துத் தேடினேன். எந்த நாட்டுக்காரரோ, அவர் வீட்டில் கரண்ட் போய் இதே வரியில் மாட்டியிருந்தார். அவருக்கு வந்த பதில் சின்னது: பழைய கெர்னல் அழியவில்லை, பெட்டி எழும்போது எஸ்கேப் பட்டனை அழுத்தி அதைத் தேர்ந்தெடு.

அழுத்தினேன். பட்டியல் வந்தது. புதியதற்குக் கீழே பழையது சமத்தாக உட்கார்ந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் திரை வெளுத்தது. பாதியில் நின்றதை முடி என்று ஒரு வரிக் கட்டளை இருக்கிறது, அதை அடித்தேன். விட்ட இடத்திலிருந்து வரிகள் ஓடின. அது முடியும் வரை மெயின் சுவிட்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

திரும்பப் போட்டபோது திரையின் மூலையில் விசிறி மாதிரி ஒரு சின்னம் வந்தது. அதைத் தொட்டேன். அக்காவின் ஆபீஸ் வைஃபை, பக்கத்து ஷெட் வைஃபை, எதிர் டீக்கடை வைஃபை எல்லாம் வரிசையாக வந்தன. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஊர் சேர்ந்திருக்கிறேன். எந்த ஊர்ப் பெயர்ப் பலகையையும் அவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

வெட்டும் மென்பொருளை இறக்கி ஏற்றி, நாலரைக்கு முதல் ஷீட்டை வெட்டினேன். அக்கா ஒரு கண்ணாடிக் குப்பியைக் குழியில் அழுத்தி, ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். விழவில்லை.

"லோடிங் கையுறையை அங்க வச்சிரு" என்றார். "சைனிக்புரிக்கு நானே சொல்லிக்கறேன்."

அன்று மாலையே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பெட்டிக்கு மட்டும் ஆபீஸ் அறையிலிருந்து தனி லைன் இழுத்துக் கொடுத்தார். மறுநாள் ஒரு மணிக்குச் சங்கு ஊதியதும் நான் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். வாசலில் வேறொருவர் சுவிட்சை இறக்கினார். ஷெட் முழுக்க இருட்டு. என் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உன் டப்பாவுக்குப் பசிக்காதா என்று மல்லாபூர் அண்ணன் கேட்டார். எனக்குப் பசித்தது. அந்த நாற்காலியிலேயே டிபனைத் திறந்தேன்.