தனிப்பட்டது என்று எழுதிய உறை

எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஊர் வைக்கும் பெயர்தான் பெயர். ரொட்டி சுடுகிறவர் ரொட்டி ஜோன்ஸ், அடக்கம் செய்கிறவர் சவப்பெட்டி ஜோன்ஸ். அந்த வகையில் ஒல்வென், கடித ஒல்வென். கூட்டுறவுக் கடையின் மாடியில் இருந்த எம்.பி. மிஸ்டர் பிரதரோவின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்திருந்தவள்.

எம்.பி.யிடமிருந்து வரும் பதில் முழுக்கத் தட்டச்சாக இருக்கலாம். ஆனால் மேலே 'அன்புள்ள மிஸஸ் ஹியூஸ்' என்பதையும் கீழே கையெழுத்தையும் அவரே பேனாவால் எழுத வேண்டும். அதுதான் மரியாதை. பதில் வந்ததும் நம் ஜனம் முதலில் படிக்காது. விரலை எச்சில் தொட்டு எழுத்தைத் தேய்க்கும். மை இழுபட்டால் அது அச்சில்லை; "அட, அவரே எழுதியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடும்.

பிரதரோவுக்கு லண்டன் ஒத்துப்போனது. இங்கே வருவது மாதத்துக்கு ஒருமுறையாகி, பிறகு தேர்தலுக்கு ஒருமுறையானது. பேனா ஒல்வென் கைக்கு வந்தது. இடப்பக்கம் சாயும் அவர் எழுத்தை ஒரே குளிர்காலத்தில் பழகிக்கொண்டாள். பிறகு துணிச்சல் வந்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?'

ஒன்றை மட்டும் அவள் தொடமாட்டாள். உறைமேல் 'தனிப்பட்டது' என்று எழுதியிருந்தால் பிரிக்காமல், பூட்டிய தகரப்பெட்டியின் துவாரம் வழியே உள்ளே போட வேண்டும். "அதெல்லாம் என் கண்ணுக்கு மட்டும், ஒல்வென்," என்பார் பிரதரோ, சூடான உருளைக்கிழங்கை வாயில் உருட்டுகிற குரலில். பெட்டியின் சாவி அவருடைய கடிகாரச் சங்கிலியில் இருந்தது. ஊருக்கு வரும்போது கேட்டால் சொல்வார்: "அதெல்லாம் பாத்தாச்சு, ஒல்வென். பாத்தாச்சு." அவள் நம்பினாள்.

பிரதரோ ஓய்வு பெற்றதும் அவருடைய கடிதங்களை ஒரு பல்கலைக்கழகம் கேட்டது. சாவி தபாலில் வந்தது. சனிக்கிழமை காலை ஒல்வென் பெட்டியைத் திறந்தாள். நாற்பத்துமூன்று உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. நடுவில் ஒன்று, அவளுடைய அக்கா நெஸ்டாவின் எழுத்து.

ஒன்பது வருடத்துக்கு முன் அதைப் பெட்டியில் போட்டதும் ஒல்வென்தான். எழுத்து தெரிந்திருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்பதும் தெரியும். நெஸ்டாவின் மகன் இத்ரிஸ் ஒரு சண்டையில் மாட்டி, தெற்கே கடல் தாண்டிய தீவுச் சிறையில் இருந்தான். ரயிலும் படகும் ஏற முடியாதபடி நெஸ்டாவுக்கு இடுப்பு போயிருந்தது. அவனை கார்டிஃப் சிறைக்கு மாற்றினால் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடலாம். எம்.பி. எழுதினால் மாற்றுவார்கள். எழுதவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் இத்ரிஸ் நிமோனியாவில் அங்கேயே போனான். அடக்கம் முடிந்த ஞாயிறு முதல் நெஸ்டா தேவாலயத்தில் வேறு வரிசையில் உட்கார்ந்தாள். பேச்சு நின்றது.

ஒல்வென் அந்த உறையை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். பழைய தேதி போட்டு, எம்.பி. பெயர் அச்சிட்ட பழைய தாளில், மந்திரியிடம் இரண்டு முறை வாதாடியதாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் பிரதரோவின் பெயரில் ஒரு கடிதம். 'அன்புள்ள நெஸ்டா' என்பது அருமையாக இடப்பக்கம் சாய்ந்தது.

ஞாயிறு மதியம் நெஸ்டா கதவைத் திறந்தாள்.

"யாரு, பாராளுமன்றமா? காலைத் தொடச்சிட்டு வாங்க."

"அலுவலகத்துல கெடந்துச்சு, நெஸ்டா. அப்பவே உனக்கு எழுதியிருக்கார். அனுப்பாம விட்டுப்போச்சு."

நெஸ்டா படித்தாள். விரலை எச்சில் தொட்டுத் தன் பெயரைத் தேய்த்தாள். நீலம் இழுபட்டது.

"மை நல்ல மைதான். நீ எப்பவும் நல்ல மைதான் போடுவ."

"நானா?"

"மிஸஸ் ஹியூஸ் முழங்கால் லண்டன்ல இருக்கறவருக்கு எப்படிடி தெரியும்? ஊருக்கே தெரியும். கடை வரிசையில 'ஒல்வென் பதில் போட்டிருக்கா'ன்னுதான் படிச்சுக் காட்டுவாங்க. உன்கிட்ட யாரும் சொல்லல. நீ பாவம், சந்தோஷமா இருந்த."

நெஸ்டா கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"உன் கடிதாசி வந்தா மனசு ஆறும். காரியம் நடக்காது. எனக்குக் காரியம் நடக்கணும். அதான் உறைமேல அப்படி எழுதினேன். உன் கையில சிக்காம அவர்கிட்டப் போகட்டும்னு."

ஒல்வென் கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீட்டினாள். நெஸ்டா அதைத் திருப்பி, ஒட்டிய மடிப்பைப் பெருவிரலால் தடவினாள்.

"பிரிக்கவே இல்லையா?"

"இல்ல."

"நீயும்?"

"தனிப்பட்டதுன்னு போட்டா நான் பிரிக்கக் கூடாது, நெஸ்டா."

"என் எழுத்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அடுப்பில் கெண்டி கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"நீ படிச்சுட்டு அமுக்கிட்டன்னு ஒன்பது வருஷமா நெனச்சிருந்தேன்," என்றாள் நெஸ்டா. "அது பரவாயில்ல. படிச்சவமேல கோவப்படலாம். படிக்காதவகிட்ட என்னத்தப் பேச?" உறையைத் திருப்பிக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போ. உனக்கு எழுதினதில்ல இது."

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் பியூ என்ற இளம்பெண் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள். பொதுக் கடிதங்களின் நகல்களைப் புரட்டப் புரட்ட அவளுக்குக் கண் கலங்கியது.

"என்ன அக்கறையான மனுஷர் பாருங்க. ஒவ்வொருத்தர் நோவையும் ஞாபகம் வச்சுக் கேட்டிருக்கார்."

ஒல்வென் தகரப்பெட்டியைக் காட்டினாள். நெஸ்டாவின் உறை பழைய இடத்திலேயே இருந்தது.

"இது தனிப்பட்டதா? அப்போ அம்பது வருஷத்துக்கு யாரும் பிரிக்க மாட்டாங்க. அவர் போட்ட நிபந்தனை," என்றாள் மிஸ் பியூ. "பெட்டிமேல மட்டும் என்னன்னு எழுதிக் குடுங்களேன். உங்க கையெழுத்துலயே இருக்கட்டும்."

ஒல்வென் பேனாவை எடுத்தாள். எழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் சாய்ந்தது. தன் எழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்தபடி அட்டையின் முன் நின்றாள். மிஸ் பியூ கடிகாரத்தைப் பார்த்தாள்.