சம்பளக்காரனுக்கு யார் டிப்ஸ் வைப்பார்கள்?

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை கடைத்தெருவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் சப்ளையராக இருந்தேன். சம்பளம் என்று ஒன்று கிடையாது. முதலாளி சாப்பாடு போடுவார், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார், "நீ நம்ம வீட்டுப் புள்ள மாதிரிப்பா" என்று வாய் நிறையச் சொல்வார். வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள்? சாப்பிட்டவர்கள் கிளாசுக்கடியில் வைத்துவிட்டுப் போகும் சில்லறையில்தான் என் பிழைப்பு ஓடியது.

வைத்தவர்கள் எல்லாம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். கோட்டுப் போட்ட ஐயாமார் பல்லைக் குத்திக்கொண்டே மீதிக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். மலையில் அட்டைக்கடி வாங்கி உழைத்தவர்கள், சம்பள நாளில் இறங்கி வந்து தோசை தின்றுவிட்டு, ஐந்து சதமாவது வைக்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் என் மனைவியின் லயத்துக்காரர்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களோடு குடியிருந்தவர்கள்.

அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷ மழையில் பிடித்த இருமல் அவளை விடவில்லை. இனி மழையில் நனைந்தால் ஆள் தேறமாட்டாள் என்று டவுன் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நனையாமல் கொழுந்து எடுக்க எங்கள் மலையில் யாரால் முடியும்? அவள் வேலையை விட வேண்டுமானால் எனக்கு மாதச் சம்பளம் வேண்டும். முதலாளியிடம் கேட்டேன்.

ஆச்சரியம், அவர் மறுக்கவில்லை. கடை நிறைய ஆள் இருந்த நேரம் பார்த்துக் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நம்ம தம்பி இனிமே மாசச் சம்பளக்காரன்!"

தோட்டத்து ஆட்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் சாமியாகத் தெரிந்தார். அந்த வாரமே என் மனைவி தோட்டத்து ஆள் கணக்கில் தன் பேரை வெட்டிக்கொண்டாள். பேர் போனால் லயத்து அறையும் போகும். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம்.

தோட்டத்தின் அடுத்த சம்பள நாளில் கிளாஸ்களை எடுத்தால் அடியில் ஈரம்தான் இருந்தது. மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மடியிலிருந்து எடுத்த காசை மறுபடி முடிந்துகொண்டார்.

"முந்தி மாதிரி இல்லீங்களே மாப்ள. மாசச் சம்பளக்காரருக்கு அஞ்சு சதத்த வச்சா மரியாதையாவா இருக்கும்?"

தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளைக்கு யாராவது டிப்ஸ் வைப்பார்களா? என்னை அந்த வரிசையில் ஏற்றிவிட்டார்கள், அதுவும் பாசத்தோடு. பரவாயில்லை, வையுங்கள் என்று எப்படிக் கேட்பது? சம்பளம்தான் வரப்போகிறதே என்று இருந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் முதலாளி சாப்பாட்டுக்குப் பிடித்தார், உடைந்த கிளாசுக்குப் பிடித்தார், வேட்டி வெளுத்ததற்கும் பிடித்தார். "சம்பளக்காரனுக்கு எங்கயாச்சும் ஓசிச் சாப்பாடு உண்டா தம்பி?" என்று சிரித்தார். கையில் வந்தது அறை வாடகைக்கே போதவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம் என்றால், அங்கேயும் ஒரு முதலாளி, சம்பளமில்லாத 'வீட்டுப் பிள்ளை'களை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

அரிசி தீர்ந்த மறுநாள் விடிய, என் மனைவி இருமிக்கொண்டே மலையேறி, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். பேர் பதியாவிட்டாலும் பரவாயில்லை, அன்றாடக் கூலிக்காவது எடுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"ஒம் புருசன் மாசச் சம்பளக்காரரு. இல்லாதவங்க வேலையில நீ ஏம்மா கை வைக்கிற?" என்று கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும் அதுதான் நியாயம் என்றார்களாம். வரும் வழியெல்லாம் மழை. தொப்பலாக நனைந்து வந்து படுத்தவள் அன்று எழுந்திருக்கவில்லை.

சாயந்தரம் நான் லயத்துக்குப் போனேன். வெட்கத்தை விட்டு மச்சானிடம், வீட்டில் அடுப்பு எரியவில்லை, அவள் முடியாமல் கிடக்கிறாள் என்று சொன்னேன். அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"நாலு பேரு கண்ணு பட்டுரும்னுதானே இப்புடிச் சொல்றீங்க? நாங்க யாருகிட்டயும் மூச்சு விடமாட்டோம் மாப்ள. நீங்க நல்லா இருந்தாச் சரி."