பெட்ரோல் வாயில் சந்தனம்

கிராணி பழனியப்பனை எனக்கு அறவே பிடிக்காது. சன்னாசிக்கு அதைவிடப் பிடிக்காது. ஆனால் அவன் பிள்ளைகுட்டிக்காரன்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சன்னாசி பால்மரம் வெட்டிய காலத்தில், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்து அவனை ‘டேய்’ என்றே கூப்பிட்டவர் பழனியப்பன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் சன்னாசி குடும்பத்தோடு சிம்பாங் பூலாய்க்கு வந்து, நான் வேலை பார்த்த பெட்ரோல் நிலையத்தில் சேர்ந்தான். கிராணியோ லாரி முதலாளி ஆகிவிட்டார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரையின் பழைய பச்சை ஸ்போர்ட்ஸ் காரையும் வாங்கிக்கொண்டார். எங்கள் தலையெழுத்து, அவர் லாரிகளெல்லாம் எங்களிடம்தான் எண்ணெய் ஊற்றும்.

அந்தக் கார் ஒரு சனியன். பெட்ரோல் ஊற்றும் வாய் பின்பக்கம் இடது ஓரத்தில், சின்னக் கதவுக்கு அடியில், கிண்ணம் போன்ற குழிக்குள் இருந்தது. சற்று வேகமாக ஊற்றினால் எதிர்த்துப் பீய்ச்சும். சாயத்தில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், கிராணி சன்னாசியின் பரம்பரையையே இழுப்பார். அவன் ஒரு கையில் துணியைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி ஊற்றுவான்.

எழுபத்தாறாம் வருட ஆயுத பூசையன்று, வந்த வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். சன்னாசி பச்சைக் காரின் முகப்பில் பொட்டு வைத்து நகர்ந்தான். கிராணி விடவில்லை. பின்னால் போய் அந்தக் குழியைத் திறந்து காட்டினார்.

“கார் சாப்புடுற வாய் இதுலா. இங்க வைக்காம எங்கடா வைப்ப? நல்லா அப்பு.”

சன்னாசி அள்ளி அப்பினான். செவ்வந்திப் பூவும் வைத்தான்.

அந்த வாரம் முழுக்க மழை. கோப்பேங் சாலையில் கார் நின்றுபோனது. கிராணி லாரியில் வந்து இறங்கி, சன்னாசி பெட்ரோலைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினார். எங்கள் முதலாளி ஜஹாங்கீர், காரை இழுத்து வரச் செய்து பக்கத்துப் பட்டறைச் சீனரிடம் காட்டினார். மழைத்தண்ணீர் வடிவதற்காகக் குழியின் அடியில் ஒரு துளை இருந்ததாம். காய்ந்த சந்தனமும் பூவும் அதை அடைத்துவிட்டன. தேங்கிய தண்ணீர், தேய்ந்த மூடி வழியாக டாங்கிக்குள் இறங்கியிருக்கிறது.

திருட்டுப் பழி போனது. கிராணியின் திமிர் போகவில்லை. சந்தனத்தை அடைத்தவன் இவன்தானே, மன்னிப்புக் கேட்காவிட்டால் என் லாரி ஒன்றுகூட இந்தப் பக்கம் வராது என்றார். கேட்டுவிடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்று ஜஹாங்கீர் சன்னாசியிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே அப்பச் சொன்னதே கிராணிதான், என் காதாலேயே கேட்டேன் என்று குறுக்கே புகுந்தேன். அப்படியா என்று முதலாளி சன்னாசியைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தபடி, கிராணி ஐயா எதுவும் சொல்லவில்லை, தானாகத்தான் செய்தேன் என்றான். பிறகு கைகூப்பினான். கிராணி அவனை அப்படியே கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் போனார்.

உனக்கு முதுகெலும்பே இல்லையா என்று நான் அவன்மேல் பாய்ந்தேன்.

“ஒன்ன யாரு கூப்புட்டா? நீ வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா கும்புட்டதோட போயிருக்கும்லா. இப்ப பொய்யும் சொல்லிக் கும்புட்டேன்.”

அதற்குப் பிறகும் பல வருடம் ஒரே பம்பில் நின்றோம். கிராணியிடம் பேசினான். என்னிடம் பேசவில்லை.